2 நாளில் முடிந்த கதவுகள்

கிரகப்பிரவேசத்துக்குக் குறித்த ஐப்பசி முகூர்த்தத்துக்குள் வேலையை முடித்துக் கொடுத்த அந்தப் பாலிஷ் கான்ட்ராக்டரை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 10 கதவு, அத்தனையும் சாய்வாகப் பட்டை அடுக்கிய லூவர். வெளியே அடைமழை. ஆசாரி பட்டைகளை ஒவ்வொன்றாக இழைத்து, பக்கச் சட்டத்தில் சாய்வாகக் காடி எடுத்து, காற்று புகவேண்டும் ஆனால் கண் புகக்கூடாது என்று கணக்குப் பார்த்துச் சொருக ஒன்றரை மாதம் ஆனது. நம்மவருக்கு 2 நாள் போதுமாக இருந்தது.

கதவைக் கீலிலிருந்து கழற்றி, படுக்கப் போட்டு, ஒரு பக்கம் காய்ந்தபின் புரட்டி மறுபக்கம் அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு நாளாகும். இவர் கதவை நின்ற நிலையிலேயே வைத்து அடித்தார். ஒவ்வொரு பட்டையின் கீழ் விளிம்பிலும் லாக்கர் சொட்டுகள் வரிசையாக உறைந்து நிற்கின்றன. தேய்த்து எடுக்காமல் விட்டதால் ஒன்றுகூட வீணாகவில்லை.

அவருக்கு இரக்க சுபாவமும் உண்டு. இரண்டு பட்டைகளுக்கு நடுவே விரல் நுழைவதே கஷ்டம். மெல்லிய மரச்சில்லில் உப்புத்தாளைச் சுற்றி, மரவரி ஓடும் திசையிலேயே 120, அப்புறம் 180, அப்புறம் 220 என்று தேய்த்துக்கொண்டு போகவேண்டும். தூசியை ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் துடைத்தெடுக்க வேண்டும். தன் ஆட்களை அப்படி வதைக்க அவருக்கு மனம் வரவில்லை. முன்பக்கத்தைத் தேய்த்ததோடு நிறுத்திவிட்டார். உள்ளே இழைப்புளி போன தடம் அப்படியே இருக்கிறது, போதாக்குறைக்குத் தூசியும் லாக்கருக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

சாயத்தில் அவர் காட்டிய சமநோக்கைத் தனியாகச் சொல்லவேண்டும். சட்டம் தேக்கு, பட்டை பைன். தேக்கின் பொன்னிறத்துக்கு மெல்லிய பூச்சு ஒன்றே போதும். பைன் சாயத்தைச் சீராகக் குடிக்காது. மென்மையான இடம் அதிகம் குடித்துக் கறுக்கும், இறுகிய வரி குடிக்காமல் வெளுத்தே நிற்கும். அதனால்தான் சாயத்துக்கு முன்னால் நீர்க்கக் கரைத்த சீலரை ஒரு கை ஓட்டுவார்கள். இவர் அந்தச் சீலர் செலவை மிச்சப்படுத்தினார். பைனில் திட்டுத் திட்டாகக் கறை விழுந்தபோது, இன்னும் கறுப்பான வால்நட் சாயத்தை இரண்டு மரத்தின்மேலும் கனமாக ஏற்றிவிட்டார். இப்போது எது தேக்கு, எது பைன் என்று யாராலும் சொல்லமுடியாது. தேக்குக்குக் கொடுத்த காசு வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும்.

பூசிய சாயத்தில் மரம் குடித்தது போக மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுப்பது வழக்கம். கொடுத்ததைத் திரும்ப வாங்குகிறவரா அவர்? பட்டை சட்டத்துக்குள் நுழையும் மூலையைக் கிட்டே போய்ப் பாருங்கள். சாயம் அங்கே தேங்கி, அதன்மேல் லாக்கர் மூடி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. அடியில் இன்னும் காயவே இல்லை.

மழை ஈரத்தில் லாக்கர் அடித்தால், தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து பாலாடை போல வெளுக்கும். நல்ல பாலிஷ்காரர் ஒரு வெயில் நாளுக்குக் காத்திருப்பார். இவர் காத்திருக்கவில்லை. அந்த வருஷத்து ஐப்பசி மழை பூஜையறைக் கதவில் நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது. கதவின் தலைக்கும் அடிக்கும் எந்தப் பூச்சும் கிடையாது. யார் குனிந்து பார்க்கப்போகிறார்கள்? ஈரம் ஏறுவதும் அந்த வழியாகத்தான், மரம் உப்பிச் சட்டம் விலகுவதும் அதனால்தான்.

ஆனாலும் முழுப் புகழையும் அவருக்கே கொடுப்பது நியாயமில்லை. பெரும்பங்கு வீட்டுக்காரருக்குச் சேரவேண்டும். டைல்ஸ் தேர்ந்தெடுக்கக் கடை கடையாக அலைந்தவர், பாலிஷ் வேலையை ஒரே போன் பேச்சில் முடித்தார். சதுர அடிக்கு இவ்வளவு என்று, தட்டைக் கதவுக்கு உள்ள விலையையே லூவருக்கும் பேசி நிறுத்திய சாமர்த்தியம் யாருக்கு வரும்? டேப்பை வைத்து அளந்தால் கதவின் நீளமும் அகலமும்தான் வரும். சாய்ந்து அடுக்கிய பட்டைகளின் மேல்முகம், கீழ்முகம், விளிம்பு, மூலை எதுவும் அதில் வராது. டேப்புக்குள் வராத இடத்தைக் கான்ட்ராக்டரும் தேய்க்கவோ துடைக்கவோ இல்லை. வாங்கின கூலிக்கு அணுவளவும் பிசகாமல் வேலை செய்திருக்கிறார் மனுஷன். வேலைக்கு நாள் ஒதுக்கியதிலும் வீட்டுக்காரர் கெட்டிக்காரர். மற்ற எல்லா வேலையும் இழுத்துக்கொண்டு போன பிறகு, ஹோமத்துக்குச் செங்கல் அடுக்க ஆள் வரும்வரை மீந்திருந்த 2 நாளைத்தான் பாலிஷுக்குக் கொடுத்தார்.

இப்போது பூச்சை உரித்துவிட்டு மறுபடி செய்யலாமா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தனை இடுக்கிலும் ரிமூவர் போட்டுச் சுரண்டுவதைவிடப் பட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக இழைத்துப் போடுவதே மலிவு என்று சொல்லியிருக்கிறார்களாம். ஆக, ஆசாரிக்கு மறுபடியும் ஒன்றரை மாத வேலை வாங்கிக் கொடுத்த புண்ணியமும் இவர்கள் இருவரையுமே சேரும்.