கடைத்தேங்காயும் வழிப்பிள்ளையாரும்: காணிப்பாக்கச் சான்றுகளின் ஒளியில் ஒரு மறுவாசிப்பு

‘கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை’ என்று தமிழர்கள் எந்த ஆதாரமும் காட்டாமல் பேசிவருகிறார்கள். அக்குறை இங்கே களையப்படுகிறது.

1. பொருள்: ஊரான் காசில் தாராளம். எல்லோருக்கும் புரிவதால் ஆய்வுக்கு உகந்ததன்று.

2. ஒப்பியல்: ஆங்கிலேயர் பீட்டரிடம் பறித்துப் பாலுக்குக் கொடுப்பார்கள். 1550-ஐ ஒட்டி வெஸ்ட்மின்ஸ்டரின் புனித பீட்டர் ஆலய நிலங்கள் லண்டன் புனித பால் பேராலயத்துக்குப் போனதில் பிறந்த வழக்கு என்பது அவர்களது விளக்கம். வழக்கோ அதற்கு நூறாண்டு முன்பே புழங்கியது. பிள்ளை முந்தி, தாய் பிந்தி. நாமும் இளைத்தவர்களல்லர்: சித்தூரை அடுத்த காணிப்பாக்கம் பிள்ளையார் கோயிலை முதலாம் குலோத்துங்கன் 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டினான் என்கின்றன தலவரலாறுகள், அவன் பட்டத்துக்கு வந்தது 1070-இல்.

3. தேங்காயியல்: அந்தக் காணிப்பாக்கத்தில் பார்வையற்ற, செவி கேளாத, வாய் பேசாத சகோதரர் மூவர் கிணறு தோண்ட, சுயம்புப் பிள்ளையார் வெளிப்பட்டார். ஊரார் உடைத்த காய்களின் நீர் ஒரு காணிக்குப் பாய்ந்தது, ஊர்ப்பெயரும் கிடைத்தது. காணி என்பது 57,600 சதுர அடி. நீர் ஓர் அங்குலம் நின்றிருந்தால் 1,36,000 லிட்டர். காய்க்கு 200 மில்லி வீதம் 6,80,000 காய். மண் குடித்தது தனி.

இத்தனைக்கும் காசு கொடுத்தது யார்? கொடுக்கவேயில்லை என்பது கடைக்கட்சி (ஆதாரம்: தேங்காய்க்கடைப் பற்றுவரவு நோட்டு, வராக்கடன் பகுதி, கிழிந்த தாளின் பின்புறம், குங்குமக் கறைக்குக் கீழ் இரண்டாம் வரி, கரையான் தின்ற பாடம் வேறு). இவர் கிணற்றுப்பிள்ளையார், பழமொழியே செல்லாது என்பது கிணற்றுக்கட்சி. கிணற்றுக்குப் போக வழி இருந்ததா இல்லையா என்று மடக்குகிறது வழிக்கட்சி (ஆதாரம்: மேற்படி நோட்டு, அதே கறை, அதற்கு மேல் வரி). பின்னிரு கட்சியாரும் ஒருவர் கட்டுரையை ஒருவர் படித்ததில்லை, மறுத்ததுண்டு.

4. முடிபு: இதற்கு வழி காணிப்பாக்கத்திலேயே இருக்கிறது. திருட்டோ கடனோ, மறுப்பவனைக் கோயில் குளத்தில் முழுகவைத்துப் பிள்ளையார் முன் சத்தியம் செய்யச் சொல்வார்கள். பாதிப்பேர் குளத்தங்கரையிலேயே ஒப்புக்கொண்டுவிடுவார்களாம். முனைவர் பட்டத்துக்கு வரும் ஆய்வேடுகளுக்கும் பல்கலைக்கழகங்கள் இதையே நிபந்தனையாக்கலாம். ‘இந்த ஏட்டில் உடைத்த காய்கள் என் சொந்தக் காய்கள்’ என்று ஈரத்துணியோடு ஒரு வரி சொன்னால் போதும். வழிகாட்டிப் பேராசிரியரும் கூடவே முழுகவேண்டும்.