மாப்ள, சாவியக் கீழ வை

போட்டோ வந்து சேந்துச்சு மாப்ள. நாலு டயரும் காத்தில்லாமத் தரையோட படுத்துக் கிடக்குது. நீ மட்டும் கூலிங் கிளாஸ் போட்டு, பானட்டு மேல ஒரு கைய ஊனி, நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கறே. ஆக்ஸ்போர்டுப் பக்கம் ஒரு பெரியவரோட கொட்டாய்ல இருவது வருசத்துக்கு மேல கிடந்த எம்.ஜி.பி.யாம், 1965 மாடலாம், செவப்பாம். "நிறுத்தறப்ப நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு"ன்னு அந்தப் பெரியவர் சொன்னதா எழுதியிருக்கறே. நல்லா ஓடற வண்டிய எவன் கண்ணு இருவது வருசம் நிறுத்தி வெப்பான்? கடல் தாண்டிப் போயி அவ்வளவு படிச்சவன், இந்த ஒரு கேள்விய அவருகிட்டக் கேக்காம வந்துட்டயே.

வர்ற ஞாயித்துக்கெழமை புது பேட்டரி போட்டு, ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் சத்தத்த எனக்குப் புடிச்சு அனுப்பறயாம். நொம்ப நல்ல சோலி. பேட்டரிய வாங்கு, வேண்டாங்கல. வாங்கி ஒரு மூலைல வெச்சுட்டு, சாவியக் கொண்டுபோயி உன்ற சம்சாரத்து கையில குடுத்துரு. நீ கேட்டா அவ தரமாட்டா. அந்த ஒரு குணத்துக்காகவே அந்த வண்டிக்கு அவதான் பெரிய மெக்கானிக்குன்னு நான் சொல்லுவேன்.

"ஊர்ல அம்பாசடர் வேல பாத்த கிழவனுக்கு ஸ்போர்ட்ஸ் காரப் பத்தி என்ன தெரியும்"னு நீ வாய் விட்டுச் சொல்லமாட்டே, மரியாத தெரிஞ்ச பையன். ஆனா நெனப்பே. நெனச்சுக்க. அம்பாசடருங்கறது அங்க ஆக்ஸ்போர்டு கௌலில பொறந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூணாவது சீரிஸ். அதக் கொண்டாந்து வங்காளத்து உத்தரபாராவுல 2014 வரைக்கும் செஞ்சாங்க. எம்.ஜி.ங்கறதும் அதே மோரிஸ் ஊட்டு வழிதான், மோரிஸ் கராஜஸ். அதோட ஃபேக்டரி இருந்த ஆபிங்டன் உனக்குச் சித்த தெக்கால. எங்க அம்பாசடர்ல இருந்தது பி.எம்.சி.யோட பி-சீரிஸ் எஞ்சின், 1489 சி.சி. உன்ற வண்டில இருக்கறதும் பி-சீரிஸ்தான், 1798 சி.சி. உனக்கு முந்தின எம்.ஜி.ஏ. மொதல்ல வந்தப்ப அதே 1489-லதான் வந்துச்சு. தாராபுரம் ரோட்டுல கல்யாணத்துக்கு ஒம்போது பேர ஏத்திட்டுப் போன எஞ்சினோட பங்காளிதான் கண்ணு, அங்க செவப்புப் பெயிண்டுக்குள்ள உக்காந்திருக்குது.

அப்புறம் "அபூர்வமான வண்டி"ன்னு நாலு தடவ எழுதியிருக்கறே. 1962-லிருந்து 1980 வரைக்கும் அஞ்சு லட்சத்துக்கு மேல செஞ்சு தள்ளியிருக்காங்க மாப்ள. துருப் புடிக்காத எம்.ஜி.பி. வேணா அபூர்வம். மொதல்ல அதப் பாரு. இதுவும் அம்பாசடராட்டமேதான். தனி சேசிஸ் இல்ல, பாடியே சேசிஸ். கதவுக்குக் கீழ நீளமா ஓடற பொட்டி இருக்குது பாரு, சில்லுன்னு சொல்லுவாங்க, வண்டியோட முதுகெலும்பே அதுதான். மேல கூரை இல்லாத வண்டிக்கு அது போச்சுன்னா ரெண்டா மடங்க வேண்டியதுதான். உங்கூர்ல பனிக்காலத்துல ரோட்டுல உப்பக் கொட்டறாங்களே, அது அந்தப் பொட்டிக்குள்ள பூந்து உக்காந்து உள்ளிருந்து தின்னுருக்கும். வெளில பட்டி பாத்துப் பெயிண்ட் அடிச்சு விட்டிருப்பாங்க. ஒரு காந்தத்தத் துணில சுத்தி ஓரமா ஓட்டிப் பாரு. ஒட்டாத எடத்துல இரும்பு இல்ல, பட்டி இருக்குது. அப்புறம் ஜாக்கி வெக்கற எடத்துல மெதுவாத் தூக்கிட்டுக் கதவு இடுக்கக் கவனி. இடுக்குச் சுருங்கிக் கதவு புடிச்சுதுன்னா, எஞ்சின் கதையெல்லாம் மூட்ட கட்டி வெச்சுட்டு வெல்டர் நம்பரத் தேடு. மனச விட்டுராதே. 1988-லிருந்து இந்த வண்டிக்கு முழு பாடியே புதுசாச் செஞ்சு விக்கறாங்க, இப்ப உனக்குப் பக்கத்துல விட்னில. வெலையக் கேட்டா அப்ப வேணா மனச விட்டுக்க.

எஞ்சினுக்கு வருவோம், நீ அதுக்குத்தான் காத்திருக்கறே. செல்ஃப் அடிக்காதே. இத்தன வருசம் சும்மா இருந்த ரிங்கும் போரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கும். அத இழுத்துப் பிரிச்சயின்னா ரிங்கு ஒடையும். நாலு பிளக்கையும் கழட்டு. ஒவ்வொரு ஓட்டைலயும் கொஞ்சம் எண்ணெய விடு. விட்டுட்டுப் போயித் தூங்கு. மறுநாளும் விடு, மறுக்காத் தூங்கு. பொறவு நாலாவது கியர்ல போட்டு, பிளக் இல்லாமயே, வண்டிய முன்னால பின்னாலத் தள்ளிப் பாரு. அசைஞ்சா சாமி கும்பிடு. அசையலீனா இன்னும் நாலு நாள் எண்ணெய். அவசரப்பட்டு நெம்பாதே. அசைஞ்சப்புறம் பழைய ஆயில எறக்கி, ஃபில்டர மாத்தி, 20டபிள்யூ-50 ஊத்து. அதுலயும் ஜிங்க் இருக்கற ஆயிலாப் பாத்து வாங்கு. இந்தக் காலத்து எஞ்சினுக்கு விக்கற தண்ணி ஆயிலு இந்தப் பழைய டாப்பெட்டுக்கு ஆகாது. ராக்கர் மூடியத் தொறந்து மேலயும் கொஞ்சம் ஊத்து. பிளக் போடாமயே செல்ஃப் அடி, ஆயில் பிரஷர் முள்ளு எந்திரிக்கற வரைக்கும். முள்ளு எந்திரிக்காம ஸ்டார்ட் பண்ணயின்னு தெரிஞ்சா நான் பிளேன் ஏறி வந்து அடிப்பேன். டிக்கெட்டு உன்ற செலவு.

பெட்ரோல் டேங்க்ல இருக்கறது இனிமே பெட்ரோல் இல்ல. மோந்து பாரு, வார்னிஷ் வாசம் வரும். எல்லாத்தையும் எறக்கிட்டு டேங்குக்குள்ள டார்ச் அடிச்சுத் துரு பாரு. ரப்பர் ஹோஸ் ஒண்ணு விடாம மாத்து. 2021 செப்டம்பர்லிருந்து உங்கூர் சாதாரணப் பெட்ரோல்ல பத்து சதவீதம் வரைக்கும் எத்தனால். இங்க நமக்கு இருவது கலக்கறாங்க, அது வேற கத. எத்தனால் பழைய ரப்பரத் தின்னும், காத்துல இருக்கற ஈரத்த உறிஞ்சி டேங்குக்குள்ள தண்ணியாத் தேக்கும். அதனால ஈ-5 சூப்பர் போடு, காசப் பாக்காதே. பின்சக்கரத்துக்கு முன்னால, அடில, எஸ்.யூ. பம்ப் ஒண்ணு இருக்கும். சாவியத் திருப்புனா டிக்கு டிக்குன்னு அடிச்சுட்டு, கார்பரேட்டர் நெறஞ்சதும் அடங்கோணும். சத்தமே வரலீனா உள்ள பாயிண்டு ஒட்டியிருக்குதுன்னு அர்த்தம். ஸ்பானர் புடியால லேசா ஒரு தட்டு. இங்கிலாந்துல பெரிய பெரிய தொரைமாரெல்லாம் ரோட்டோரமாக் கோட்டோட குனிஞ்சு அதத் தட்டியிருக்காங்க. அடங்காம அடிச்சுக்கிட்டே இருந்தா, எங்கியோ பெட்ரோல் ஒழுகுது. கார்பரேட்டர்ல ஊசி ஒட்டிக்கிட்டு வழியும். கீழயே சைலன்சர் மேனிஃபோல்டு கொதிச்சுக் கெடக்கும். மொத ஸ்டார்ட்டுக்கு ஒரு தீயணைக்கற சிலிண்டரப் பக்கத்துல வெச்சுக்க.

கரண்டு பத்தி ஒண்ணே ஒண்ணு, ஏன்னா நீ பேட்டரி வாங்கப் போறே. 1967 வரைக்கும் வந்த எம்.ஜி.பி.ல பாசிட்டிவ்தான் எர்த்து. சீட்டுக்குப் பின்னால ஆறு வோல்ட்டு பேட்டரி ரெண்டு. நடுவுல எவனாவது நெகடிவ் எர்த்தா மாத்தியும் விட்டிருப்பான். என்னன்னு பாக்காமத் திருப்பி மாட்டயின்னா பொகையே வேற நெறத்துல வரும். கரண்டுச் சாமான் செஞ்ச லூக்காஸ அந்த ஊர்க்காரங்களே 'கும்மிருட்டுக்கு எளவரசன்'னு கேலி பண்ணுவாங்க. நம்மூர்ல சென்னைப் பாடில லூக்காஸ்-டி.வி.எஸ். 1961-லிருந்து இருக்குது, அவங்க டைனமோவப் பிரிச்சுப் போட்டே எனக்குத் தல நரச்சுது, நான் சிரிக்க மாட்டேன். எலி கடிச்ச வயர மட்டும் பாரு.

இப்ப மரத்து ஸ்டியரிங் கத. ஆர்டர் பண்ணிட்டயாம், வால்நட்டாம், வெலையச் சொல்லலை. ஸ்டியரிங் வாங்குனே, பிரேக் ஹோஸ் வாங்குனயா? அதோட வெல உன்ற ஸ்டியரிங்கோட ஒரு போல்ட்டு வெலைக்குக் கூட வராது. இங்கதான் நான் நின்னு பேசப் போறேன், நீயும் உக்காந்து கேளு.

1965 வண்டிக்கு பிரேக் ஒரே சர்க்யூட்டு. நாலு சக்கரத்துல எந்தச் சக்கரத்துல ஒழுகுனாலும் நாலுக்கும் பிரேக் போயிரும். மிச்சம் ஹேண்ட் பிரேக்கு மட்டும். அதுவும் கொட்டாய்ல இழுத்து வெச்சு நிறுத்தியிருந்தா ஷூவு டிரம்மோட துருவேறி ஒட்டிக் கெடக்கும். பிரேக் ஆயிலு ஈரத்த உறிஞ்சற சரக்கு. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்த வேண்டியத இருவது வருசம் விட்டா, மாஸ்டர் சிலிண்டர், பின்னால டிரம்முக்குள்ள இருக்கற வீல் சிலிண்டர், முன்னால டிஸ்க் காலிப்பர் பிஸ்டன் எல்லாத்துலயும் தண்ணி நின்னு துரு ஏறியிருக்கும். மெதிச்சா பெடல் கெட்டியா இருக்குதுன்னு சொல்லுவே. கெட்டியாத்தான் இருக்கும், ஒண்ணும் நகரலீனா வேற எப்படி இருக்கும்? அதையும் விடப் பொல்லாதது அந்த ரப்பர் ஹோஸ். வெளில பாத்தா கருகருன்னு நல்லா இருக்கும். உள்ளுக்குள்ள வீங்கி அடச்சிருக்கும். பெடல மெதிச்சா பிரஷர் உள்ள போகும், காலெடுத்தா திரும்பி வராது. நம்ம ஊட்டு ஒறம்பரையாட்ட; வரத் தெரியும், போகத் தெரியாது. ரோட்டுல போகப் போக அந்தச் சக்கரம் தானாப் புடிச்சுச் சூடேறும். அதனால சுத்தம் பண்ணலாமா, கிட்டு போடலாமான்னு யோசிக்காதே. ஹோஸ், வீல் சிலிண்டர் எல்லாம் புதுசு. இரும்புப் பைப்பத் தொட்டுப் பாத்துத் துருவிருந்தா அதுவும். புது ஆயிலு ஊத்தி, ஒருத்தர மெதிக்க வெச்சு, நாலு சக்கரத்துலயும் ஏர் எடு. கிளட்சுக்கும் அதே ஆயிலு, அதே சிலிண்டர் வகையறா, அதையும் சேத்தே முடி.

இதெல்லாம் முடிஞ்சப்புறந்தான் ஸ்டார்ட். "மொதல்ல ஓடுதான்னு பாத்துட்டு அப்புறம் பிரேக் பாக்கலாமே மாமா"ங்கறே. ஓடுச்சுன்னா நீ நிறுத்துவயா? எனக்குத் தெரியாதா உன்ன? தெருவக் கடந்து ஒரு ரவுண்டு, அப்புறம் பெட்ரோல் பங்க் வரைக்கும், அப்புறம் மச்சான் ஊடு வரைக்கும்.

தண்ணி வேலைய நீயே செய்வே: ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட். ஆன்ட்டிஃப்ரீஸ் இல்லாம நிறுத்தியிருந்தா பனில தண்ணி ஒறஞ்சு பிளாக்கே வெடிச்சிருக்கும், அத மட்டும் விளக்குப் போட்டுப் பாரு. கிளட்ச் பிளேட்டு ஃபிளைவீலோட ஒட்டியிருந்தா கியர் விழாது. அதுக்கு வழி இருக்குது, அப்பச் சொல்றேன். கிங்பின் நிப்பிளுக்குக் கிரீஸ் கன் வெச்சு, பழைய கிரீஸ் பிதுங்கி வெளில வர்ற வரைக்கும் அடி. டயருல கோடு நல்லா இருக்குதுன்னு பெருமப்படாதே. ஓடாத டயருல கோடு எங்க போகும்? பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், எந்த வாரம் எந்த வருசம்னு. நாலு நம்பரே இல்லாம மூணு இருந்தா அது 2000-த்துக்கு முந்தினது, மியூசியத்துக்குக் குடுத்துரு.

அப்புறம் உன்ற சட்ட நுணுக்கம். நாப்பது வருசம் தாண்டுன வண்டிக்கு, தகுதி பாக்கற எம்.ஓ.டி. டெஸ்டு கட்டாயமில்ல, ரோடு டாக்ஸும் பணம் இல்லன்னு ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கறே. நெசந்தான். அரசாங்கம் உன்ன விட்டுருச்சு. வளைவுல நிக்கற மரம் விடுமா? வண்டி ரோட்டுக்குத் தகுதியா இருக்கோணுங்கற சட்டம் மட்டும் அப்படியேதான் இருக்குது, அந்த வரிய நீ படிக்கல. டெஸ்டுக்கு நீயாப் போயி நாள் வாங்கு. முன்கூட்டியே நாள் வாங்கி நேரா அங்க போறதுக்கு டாக்ஸ் இல்லாத வண்டிக்கும் அனுமதி உண்டு, இன்சூரன்ஸ் மட்டும் இருக்கோணும். கட்டாயமில்லாதவன் தானா வந்து நின்னா அந்த டெஸ்ட் பண்றவன் சந்தோசமா, கேக்காத கொறையும் சேத்துச் சொல்லுவான். அறுவது பவுண்டு கூட ஆகாது. உன்ற ஸ்டியரிங்கோட...சரி, விடு.

மொத ஓட்டம் அஞ்சு மைலுக்கு மேல வேண்டாம். மோட்டார்வே பக்கம் தலை வெக்காதே. உன்ற சம்சாரம் பின்னால இன்னொரு கார்ல வரட்டும்; முன் சீட்டுல உக்காத்தி வெச்சயின்னா அவ சொல்றதக் கேட்டு ரோட்டப் பாக்க மாட்டே. கம்பிச் சக்கரம்னா நடு நட்டச் செம்புச் சுத்தியால அடிச்சு இறுக்கிட்டுக் கெளம்பு, திரும்பி வந்ததும் மறுக்கா ஒரு தட்டு. வந்து நின்னதும் எறங்கிப் போட்டோ எடுக்காதே. ஒவ்வொரு சக்கரமாப் போயி நடுவுல கையக் கிட்டக் கொண்டுபோயிப் பாரு. வலதுக்கும் எடதுக்கும் சூடு ஒண்ணாட்டம் இருக்கோணும். ஒரு பக்கம் மட்டும் கொதிச்சா அந்த பிரேக்கு விடல, மறுபடியும் கழட்டு. கழட்டறப்ப சந்தேகம் வந்தா போன் பண்ணு. பனிக்காலத்துல உங்க மத்தியானம் மூணரைன்னா இங்க ராத்திரி ஒம்போது. அதுக்குள்ள பண்ணோணும், அதுக்கு மேல நான் எடுக்கமாட்டேன்.