எட்டாம் வள்ளல்

முல்லைக்குத் தேர் கொடுத்தான் பாரி. அது அவனுடைய சொந்தத் தேர். மைசூர் அக்ரஹாரத்தில் நம் தெருவிலேயே அவனை மிஞ்சியவர் இருக்கிறார் சார், நீங்கள்தான். யாரோ மாதத் தவணை கட்டி வாங்கும் காரை, கேபிள் மாட்டி வருகிற எவருக்கும் திறந்துவிடும் மனசு பாரிக்கு ஏது?

அந்தக் காருக்கு நீங்கள் செய்த கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஃபிளாஷ் மெமரி அமைப்பைப் பார்த்தேன். எஸ்32கே144 சிப், 512 கிலோபைட். ஹெக்ஸ் 400-இல் தொடங்கும் 16 பைட்டில்தான் அதன் பூட்டெல்லாம். அதில் 4 பைட், அதாவது 32 பிட், ஃபிளாஷுக்குக் காவல். ஒவ்வொரு பிட்டுக்கும் 16 கிலோபைட். பிட் சுழியமானால் ஓடும் எந்த நிரலும் அந்தப் பகுதியை அழிக்க முடியாது. ஒன்று என்றால் தாராளம். மாதிரிக் கோப்பில் 32-உம் ஒன்றாகவே வரும். தினமும் அழித்து எழுதும் சோதனை மேசைக்கு அதுதான் சரி. தொழிற்சாலைக்குப் போகும் கோப்பிலும் அதை அப்படியே காப்பாற்றினீர்களே! புது நிரலை ஏற்றும் 48 கிலோபைட் பூட்லோடருக்கு மூன்று பிட் போதும். அந்த மூன்றைக்கூட நோகடிக்காத இளகிய மனம்.

புது நிரலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவிக்கு நீங்கள் தந்த இடம் இன்னும் அருமை. அது ரகசியமில்லைதான்; ஆனால் மாறக் கூடாதது. அதை அப்ளிகேஷன் பகுதியிலேயே வைத்தீர்கள். பழையதை அழித்து, புதியதை எழுதி, பிறகுதான் சரிபார்ப்பு. வருகிறவர் தன் சாவியையும் கொண்டுவந்து தனக்குத் தானே சான்று கொடுத்துக்கொள்ளலாம். நூற்றியொரு கணபதி கோவில் பக்கத்துப் பழைய வீட்டுக்காரர்கள் திண்ணையை மட்டும்தான் ஊருக்கு விட்டார்கள். நீங்கள் இரும்புப் பெட்டியையும் திண்ணையில் வைத்தீர்கள்.

2015-இல் சார்லி மில்லரும் கிறிஸ் வலாசெக்கும் ஒரு ஜீப் செரோக்கியைத் தொலைவிலிருந்தே ஆட்டிவைத்தார்கள். அதிலிருந்த வி850 சிப்பும் உங்களைப் போலப் பெருந்தன்மையானது. கையொப்பமில்லாத நிரலை மறுக்காமல் ஏற்றது. கார் நிறுவனம் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. உங்களுடையது ஹெட்லைட்டையும் வைப்பரையும் ஆளும் பெட்டி. மழை இரவில், நஞ்சன்கூடு சாலையில், குழந்தையோடு போகிற ஒருவருக்கு அவை யார் சொல்லைக் கேட்கும் என்று தெரியாமலே பயணிக்கும் பாக்கியத்தைத் தந்திருக்கிறீர்கள்.

டீபக் போர்ட்டையும் திறந்தே விட்டீர்கள். கேட்டதற்கு, “நாளைக்கு ஃபீல்டில் பிரச்சினை வந்தால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டாமா?” என்றீர்கள். எவ்வளவு முன்யோசனை! பூட்டிய சிப்பை உரியவர் மட்டும் திறக்க, அதே 16 பைட்டில் 8 பைட்டைச் சாவிக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அதையும் நீங்கள் காலியாகவே விட்டீர்கள். பூட்டாத இடத்துக்குச் சாவி எதற்கு என்ற தெளிவு எல்லாருக்கும் வாய்க்காது சார்.