கை இங்கே, கையெழுத்து அங்கே

வாசகருக்கு வேண்டியது எழுத்தாளரின் கையெழுத்து. எழுத்தாளருக்கு வேண்டியது வாசகரிடமிருந்து விடுதலை. இந்த இரண்டு நியாயமான ஆசைகளுக்கும் நடுவில் தரகு பார்க்கக் கிளம்பிய எந்திரங்களின் வம்சம் இருநூறு வருஷத்துக்கு மேல் பழையது. மின்னூலில் கையெழுத்துப் போடும் செயலிகள் அந்த வம்சத்தின் கடைக்குட்டிகள்.

மூத்தது பாலிகிராஃப். 1803-ல் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு பேனாவைப் பிடித்து நாம் எழுத, அதோடு சட்டங்களால் பிணைக்கப்பட்ட இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் அதையே எழுதும். ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் இதைப் பார்த்துச் சொக்கிப்போனார். ஜனாதிபதி மாளிகையில் ஒன்று, மாண்டிசெல்லோவில் இருந்த சொந்த வீட்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டார். வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவருக்கு, கடிதத்துக்கு நகல் எடுக்க மட்டும் எந்திரம்தான் வேண்டியிருந்தது. அதைச் செய்து விற்ற ஓவியர் சார்ல்ஸ் வில்சன் பீலுக்கு, ‘இதை இப்படி மாற்று, அதை அப்படி வளை’ என்று ஓயாமல் கடிதம் எழுதினார். அந்தக் கடிதங்களுக்கும் பாலிகிராஃபே நகல் எடுத்தது. தன்னைப் பற்றிய புகார்களைத் தானே இரண்டு பிரதி எடுத்துக் கொடுத்த எந்திரம் உலகில் அது ஒன்றாகத்தான் இருக்கும். இத்தனைக்கும் அதற்கு முன்பே ஹாக்கின்ஸ் செய்த நெட்டுக்குத்துப் பியானோ ஒன்றை வாங்கி, அதில் சுருதி நிற்காமல் நொந்தவர் ஜெஃபர்சன். பட்டும் திருந்தாத வாடிக்கையாளர் கிடைத்தால் கண்டுபிடிப்பாளருக்கு வேறென்ன வேண்டும்?

பாலிகிராஃபில் ஒரு குறை. இரண்டாவது பேனா ஒரு சாண் தள்ளித்தான் எழுதும். வாசகர் அவ்வளவு பக்கத்தில் இருந்தால் தப்பித்ததாகவே ஆகாதே. இதைத் தீர்க்க வந்தவர் ஒரு பாதிரியார். இத்தாலியரான ஜொவானி கசெல்லியின் பான்டெலிகிராஃப், தந்திக் கம்பி வழியாகக் கையெழுத்தை அனுப்பியது. பாரிஸுக்கும் ஆமியேனுக்கும் இடையே 140 கிலோமீட்டர் தூரச் சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்தது இசையமைப்பாளர் ரொசீனியின் கையெழுத்து. ஆடம்பரச் சாப்பாட்டுக்குப் பேர்போன ரொசீனி நாற்காலியை விட்டு அசையாமலே ஊர் கடந்து ஆட்டோகிராஃப் போட்டுவிட்டார். 1865-ல் பாரிஸ்–லியோன் தடத்தில் சேவை தொடங்கியது. ஆனால் ரசிகர்கள் யாரும் க்யூவில் நிற்கவில்லை. நின்றவர்கள் வங்கிக்காரர்கள், கையெழுத்துச் சரிபார்க்க.

அடுத்தவர் எலிஷா கிரே. 1876 பிப்ரவரி 14-ல், கிரகாம் பெல்லின் தொலைபேசி விண்ணப்பம் போன அதே நாளில் தன்னுடையதையும் காப்புரிமை அலுவலகத்துக்கு அனுப்பிக் கோட்டைவிட்ட அதே கிரே. குரல் கைவிட்டுப் போனால் என்ன, கையெழுத்தாவது இருக்கட்டும் என்று 1888-ல் டெலாட்டோகிராஃபுக்குக் காப்புரிமை வாங்கினார். இங்கே எழுதினால் அங்கே இருக்கும் பேனா எழுதும். வங்கிகளிலும் ரயில் நிலையங்களிலும் அது மாடாக உழைத்தது. எழுத்தாளர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவர்கள் எதையுமே ஒரு நூற்றாண்டு தாமதமாகத்தான் கவனிப்பார்கள்.

கணக்குத் தப்பவில்லை. 2004-ல் கனடிய எழுத்தாளர் மார்கரெட் அட்வுட், நாவல் விற்க ஊர் ஊராக அலைந்து களைத்துப் போயிருந்தார். கூரியர்காரர் நீட்டும் மின்பலகையில் கையெழுத்துப் போடும்போதெல்லாம், அது வேறெங்கோ ஒரு காகிதத்தில் போய் உட்காருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். அப்படி ஒன்றும் நடப்பதில்லை என்று தெரிந்ததும், நம்மைப் போலச் சிரித்துவிட்டுப் போகாமல், ‘அப்படியானால் நடக்க வைப்போம்’ என்று கம்பெனி தொடங்கினார். பெயர் யூனாட்சிட். ‘நீ தொடாதே’ என்பதை ஆங்கிலத்தில் வேகமாகச் சொன்னால் வரும் ஓசை அது. ரசிகர் சந்திப்பு பற்றி ஓர் எழுத்தாளர் இவ்வளவு வெளிப்படையாகப் பேசியது அதுவரை இல்லை.

எந்திரத்தின் பெயர் லாங்பென். எழுத்தாளர் வீட்டில் பலகைமேல் எழுதுவார். கடல் தாண்டிக் கடையில் ஓர் எந்திரக் கை நிஜ மையால் புத்தகத்தில் எழுதும். திரையில் முகம் பார்த்துப் பேசவும் செய்யலாம். 2006 மார்ச்சில் லண்டன் புத்தகக் கண்காட்சியில் அரங்கேற்றம். எழுத்தாளர் இனி விமானம் ஏறவே வேண்டாம் என்று நிரூபிப்பதற்காக அட்வுட் விமானம் ஏறி லண்டன் வந்திருந்தார். பத்திரிகையாளர்கள் கூடினார்கள். எந்திரம் முரண்டு பிடித்தது. பிறகு அதைச் சரிசெய்தார்கள் என்றாலும், பத்திரிகைக்காரர்களுக்கு வேண்டிய தலைப்பு அதற்குள் கிடைத்துவிட்டது.

லாங்பென்னுக்குப் பொருத்தமான ஆள் பின்னால் அகப்பட்டார். பத்திரிகை முதலாளி கான்ராட் பிளாக், வழக்கில் மாட்டி வெளியூர் போக முடியாமல் இருந்தபோது, வீட்டில் உட்கார்ந்தபடியே தன் புத்தகத்துக்குக் கையெழுத்து விழா நடத்தினார். மற்ற எழுத்தாளர்கள் போக மனமில்லாதவர்கள்; இவருக்குப் போக அனுமதியில்லை. தேவை என்றால் இதுவல்லவா தேவை!

இதற்கிடையில் காகிதமே காணாமல் போக ஆரம்பித்தது. 2007 நவம்பரில் 399 டாலருக்கு, மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் வந்தது. எந்திரக் கை வந்தாலும் எழுத இடமில்லை. 2009-ல் நியூயார்க்கில் நகைச்சுவை எழுத்தாளர் டேவிட் செடாரிஸிடம் ஒரு வாசகர் கிண்டிலையே நீட்ட, அதன் முதுகில், இது கேட்டுக்கு அறிகுறி என்ற தொனியில் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கருவிக்குள் எத்தனை எழுத்தாளர்கள் இருந்தார்களோ, அத்தனை பேர் சார்பிலும் அவரே கையெழுத்துப் போட்டதாக ஆயிற்று.

2011-ல் ஈவன் ஜேக்கப்ஸ் என்ற மென்பொருள்காரர் கிண்டில்கிராஃப் கொண்டுவந்தார். வாசகர் ட்விட்டர் கணக்கு வழியாக உள்ளே போய் விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. எழுத்தாளர் நாலு வரி தட்டி, கீழே கையெழுத்தை இழுப்பார். அது கிண்டிலுக்கு வந்து சேரும். எங்கே? புத்தகத்துக்குள் அல்ல, தனிக் கோப்பாக. மாப்பிள்ளை ஒரு வீட்டில், தாலி இன்னொரு வீட்டில். மவுஸால் போடும் கையெழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பாரிச வாயு வந்தவர் போட்டது போல இருக்கும். எழுத்தாளரின் சொந்த வங்கியே திருப்பி அனுப்பிவிடும். மற்றக் கருவிக்காரர்களையும் சேர்த்துக்கொள்ளப் பிறகு ஆதர்கிராஃப் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதே வருஷம் வந்த ஆட்டோகிராஃபி என்பது இன்னும் ஒரு படி மேல்: எழுத்தாளரும் வாசகரும் ஐபேடில் சேர்ந்து படம் எடுத்து, படத்தின் மேலேயே அவர் எழுதித் தருவார். அதற்கு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. இருநூறு வருஷ உழைப்பை ஒரே செல்ஃபியில் பாழாக்கிவிட்டார்கள்.

காகிதத்திலேயே நின்றவர்கள் உருப்பட்டார்களா? 2022-ல் பாடகர் பாப் டைலனின் புத்தகத்தை, அவரே கைப்படக் கையெழுத்திட்ட சிறப்புப் பிரதி என்று 599 டாலருக்கு விற்றார்கள். 900 பிரதிகள். கைப்படப் போட்டதுதான் என்று பதிப்பகத் தலைவரின் சான்றுக் கடிதம் வேறு. வாங்கியவர்கள் படம் பிடித்து ஒப்பிட்டார்கள். பல கையெழுத்துகள் வளைவுக்கு வளைவு ஒன்றாக இருந்தன. போட்டது ஆட்டோபென் என்ற கையெழுத்து எந்திரம், பாலிகிராஃபின் கொள்ளுப் பேரன். பதிப்பகம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. தலைசுற்றல் நோயால் உட்கார்ந்து கையெழுத்துப் போட முடியவில்லை என்று டைலன் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பு ஃபேஸ்புக்கில், கணினி எழுத்தில் வந்தது. அவர் கைப்படத் தட்டியதுதானா என்று யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை.