எல்லாரும் மியூட்ல பாடுங்க

(இடம்: பெரும்பாக்கம், பதினோராவது மாடி. மருமகன் மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடர், குடியிருப்பின் இணையவழிச் சேர்ந்திசைக் குழுவுக்கு அமைப்பாளர். தாய்மாமா மதுரைக்காரர், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், தொழிற்சங்க மேடைகளில் தொண்டை கிழியப் பாடியவர். ஆறு மணிக்கு ஒத்திகை.)

மருமகன்: மாமா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கேமராவுல உங்க பனியன் தெரியுது.

மாமா: சமூக அக்கறைப் பாட்டுன்னுதான மாப்ளே சொன்ன? பனியனும் சமூகம்தான்.

மருமகன்: துபாய், சிங்கப்பூர்லேர்ந்தெல்லாம் நாப்பது பேர் வர்றாங்க மாமா. எல்லாரும் ஒண்ணாப் பாடப் போறோம். ஒரே ஒரு விதிதான், எல்லாரும் மியூட்ல இருக்கணும்.

மாமா: சேர்ந்து பாடணும், சத்தம் மட்டும் வெளிய வரக்கூடாது. எங்க என்ஜினியரும் முப்பது வருஷமா எங்க சங்கத்துக்கு இதத்தான்டா சொன்னாரு.

மருமகன்: டெக்னிக்கல் காரணம் மாமா. குரல் போய்ச் சேர முப்பது மில்லிசெகண்டைத் தாண்டுனாலே தாளம் ஆட்டம் காணும். ஜூம்ல நூறு, நூத்தைம்பதெல்லாம் சர்வசாதாரணம்.

மாமா: மின்னல் வெட்டுனா நாங்க எண்ண ஆரம்பிப்போம். மூணு எண்ணுறதுக்குள்ள இடி இடிச்சா, அது ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு கம்பத்தை விட்டு இறங்கிருவோம். அந்தக் கணக்குக்கு உன் நூத்தைம்பது மில்லிசெகண்டு அம்பது மீட்டர். ஊர்வலத்துல தலைக்கும் வாலுக்கும் இருக்குற தூரம். அங்கயும் சேர்ந்து பாட வராது, பின்னாடி இழுக்கும். அதுக்காக வால்ல வர்றவன் வாயப் பொத்தவா சொன்னோம்? ஒருத்தர் எடுத்துக் குடுப்பாரு, மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. மார்கழியில மயிலாப்பூர் மாடவீதியைப் பாபநாசம் சிவன் பஜனையோட சுத்துனப்பவும், எங்க ஊரு நடவு வயல்லயும் வழக்கம் அதுதான்.

மருமகன்: தாமதத்தைக் குறைக்க ஜாமுலஸ், ஜாக்டிரிப்னு மென்பொருளே இருக்கு. ஆனா வயர் இணைப்பு வேணும். பாடுறவங்க ரொம்பத் தூரத்துல இருக்கவும் கூடாது.

மாமா: பக்கத்துலயே இருந்தா பஸ் ஏறி வந்துரலாமேடா.

மருமகன்: எரிக் விட்டேக்கர்னு ஒரு அமெரிக்கர், 2010ல 12 நாட்டுலேர்ந்து 185 குரலைச் சேர்த்தாரு. அவங்கவங்க வீட்டுல தனியாப் பாடி அனுப்புனதைக் கோத்து வெளியிட்டாங்க. உலகமே பார்த்துச்சு.

மாமா: அழகாத்தான் இருக்கும். ஆனா நமக்கு மூச்சு வாங்குறப்ப பக்கத்துல நிக்கிறவன் வரியைத் தாங்கணும், அவன் சுருதி விட்டா நாம இழுத்துப் பிடிக்கணும். அதெல்லாம் அந்தக் கோத்த பாட்டுல எங்க இருக்கு? எம்.பி. சீனிவாசன் சென்னையில இளைஞர்களைச் சேர்த்து பாரதி பாட்டைச் சேர்ந்திசையாப் பாட வெச்சாரு. சினிமா இசைக்கலைஞர்களுக்குச் சங்கம் கட்டுனதும் அவருதான். பாட வெச்சவரே கூலியும் கேக்க வெச்சாரு.

மருமகன்: 2020 ஊரடங்குல அத்தை வாசப்படி தாண்டாம கிடந்தப்ப, தினம் சாயங்காலம் எதுல பாடுனாங்க? நீங்கதான் போனைப் போட்டுக் குடுத்தீங்க.

மாமா: ...அது நெசம்தான். நான் இல்லேங்கல. ஆனா உங்க அத்தை பாட்டுக்காகவா வந்தா? பாட்டுக்கு முன்னால பத்து நிமிஷம், என்ன குழம்பு, கால்வலி எப்படின்னு பேசுவாங்க பாரு, அதுக்கு வந்தா. உங்க குழுவுல அதுக்கு நேரம் உண்டா?

மருமகன்: அஜெண்டாவுல இல்ல மாமா.

மாமா: சரி, பாட்டு எதைப் பத்தி?

மருமகன்: பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். 2022ல ராம்சார் ஈரநிலப் பட்டியல்ல வந்துருச்சு. ஒருகாலத்துல அம்பது சதுர கிலோமீட்டர் இருந்துச்சாம். இப்ப பத்துல ஒரு பங்குதான் மிச்சம்.

மாமா: மீதி ஒம்போது பங்கு?

மருமகன்: ரோடு, ஐ.டி. கட்டடம், பெருங்குடி குப்பைக் கிடங்கு... அப்புறம் குடியிருப்புங்க.

மாமா: நாம இப்ப எந்தப் பங்குல உக்காந்து காபி குடிக்கிறோம்?

மருமகன்: இதுக்கு முறையான அப்ரூவல் இருக்கு மாமா!

மாமா: பாட்டுல அது வருதா?

மருமகன்: 'நாம் அனைவருமே காரணம்'னு வருது. யார் மனசும் புண்படக்கூடாதுன்னு கமிட்டி முடிவு. பில்டர்தான் டீ-ஷர்ட் ஸ்பான்சர்.

(முதல் வரைவில் ஒரு கோபம் இருந்ததாகக் கேள்வி. கமிட்டி அதை 'விழிப்புணர்வு' என்று திருத்தியிருக்கிறது.)

மருமகன்: இணையப் பாட்டால ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்காதீங்க. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையோட பாதரசத்தைப் பத்தி சோஃபியா அஷ்ரஃப் 2015ல பாடுனாங்க. அடுத்த மார்ச்லயே இந்துஸ்தான் யூனிலீவர் 591 முன்னாள் தொழிலாளிங்களோட ஒப்பந்தம் போட்டுச்சே!

மாமா: அது பாட்டு! கம்பெனியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சு. ஊருக்கே தெரிஞ்ச மெட்டை எடுத்துக்கிச்சு, நாங்க சினிமா மெட்டுல கோரிக்கையைப் பாடுன மாதிரி. ஆனா அந்தத் தெர்மாமீட்டர் ஆலை மூடுனது 2001ல. அதுலேர்ந்து தொழிலாளிங்க விடாம நின்னாங்க. அவங்க நின்ன இடத்துக்குப் பாட்டு வந்து சேர்ந்துச்சு. எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போய் 2017ல டி.எம். கிருஷ்ணா புறம்போக்குப் பாட்டைப் பாடுனாரே, கபேர் வாசுகி எழுதுனது, அங்கயும் மீனவங்க அதுக்கு முன்னாலயே போராடிக்கிட்டுத்தான் இருந்தாங்க.

மருமகன்: இருங்க இருங்க. எண்ணூர் ஆத்துல கலந்த நிலக்கரிச் சாம்பல் யாரோடது? வடசென்னை அனல் மின் நிலையம். உங்க வாரியம்தானே?

மாமா: ஆமாடா. எங்க வாரியத்துச் சாம்பல்தான்.

மருமகன்: சங்கத்துல அதைப் பத்தி எத்தனை பாட்டுப் பாடுனீங்க?

மாமா: போனஸுக்குப் பாடுனோம், பஞ்சப்படிக்குப் பாடுனோம். சாம்பலுக்குப் பாடல. அதான் அந்தப் பாட்டைக் கேட்டப்ப எனக்கு எரிச்சலா வந்துச்சு. கப்பல், துறைமுகம்னு எல்லாத்தையும் விட்டுட்டு நம்ம பென்ஷனையே பார்த்துப் பாடுறானேன்னு. ஒரு வாரம் கழிச்சு மறுபடி போட்டுக் கேட்டேன். உன் பாட்டைக் கேட்டு உங்க பில்டருக்கு அப்படி எரியுமா?

மருமகன்: அவரு ஷேர் பண்ணுவாரு மாமா. நூறு பேருக்கு.

மாமா: அப்ப ஒரு சரணம் கூடச் சேர்ப்போம். குடியிருப்பு பேரு, பிளாக்கு நம்பரு, கீழ எத்தனை அடி மண்ணு கொட்டி மேடாக்குனாங்க, எல்லாம் வரணும். நான் எடுத்துக் குடுக்கறேன், நாப்பது பேரும் மியூட்டை எடுத்துட்டு வாங்கிப் பாடட்டும். தாமதமானா ஆகட்டும்.

மருமகன்: ஐயோ, பேரெல்லாம் வேண்டாம். ரீசேல் வேல்யூ விழுந்துரும்.

மாமா: சதுர அடிக்கு எவ்வளவு விழும்?

மருமகன்: அதை ஏன் கேக்குறீங்க?

மாமா: எதுகைக்கு வேணும்டா.