அட்டை செல்லும் ஊர்

தொண்ணூறுகளில் துபாய்க்குக் கிளம்பியவர்களின் பெட்டியில் துணிமணியோடு மருந்தும் சரிக்குச் சரியாக இருக்கும். அமிர்தாஞ்சன், இஞ்சி மரப்பா, சுக்குப் பொடி, காய்ச்சலுக்கும் பேதிக்கும் தனித்தனியாக மாத்திரை. பிரஷர் உள்ளவர்கள் ஆறு மாதத்துக்கு வேண்டியதை வாங்கி அடுக்கிக்கொள்வார்கள். ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதப் போன நானும் அப்படித்தான் போனேன்.

அன்றைக்கு எங்கள் கேம்ப்பில் இன்சூரன்ஸ் என்ற பேச்சே கிடையாது. அரசாங்க ஹெல்த் கார்டு ஒன்று இருந்தது. அதைக் காட்டினால் ரஷீத் ஆஸ்பத்திரியில் குறைந்த கட்டணத்தில் பார்ப்பார்கள். சில்லறை வியாதிக்கு அது போதும். பெரிதாக ஏதாவது வந்தால் கம்பெனியில் எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்." டிக்கெட் எடுத்துக் கொடுப்பார்கள். ஊர்க்காரர்கள் அறை அறையாகப் போய் வசூல் செய்து கையில் கொஞ்சம் திர்ஹம் திணிப்பார்கள். மிச்சத்தை ஊர் பார்த்துக்கொள்ளும். அது நியாயமான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். உடைந்த உடம்பை விமானம் ஏற்றிவிட்டுக் கணக்கை முடித்த காலம் அது.

பிறகு காலம் மாறியது, நல்ல விதமாகவே மாறியது. அபுதாபி 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் வழிகாட்டியது. துபாய் 2013இல் 11ஆம் எண் சட்டம் போட்டு, 2014 முதல் படிப்படியாக எல்லோருக்கும் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பிரீமியத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. கடைசித் தொழிலாளிக்கும் கிடைக்கும் அடிப்படைத் திட்டத்திலேயே ஆண்டுக்கு 1,50,000 திர்ஹம் வரை செலவு ஏற்கப்படுகிறது. ஷார்ஜா உள்ளிட்ட வட எமிரேட்டுகளுக்கும் 2025 ஜனவரியில் கட்டாயக் காப்பீடு வந்துவிட்டது. வசூல் துண்டை ஏந்தி நடந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

ஆனால் காப்பீட்டு அட்டையோடு ஓர் எல்லைக்கோடும் வந்தது. அடிப்படைத் திட்டம் அமீரகத்துக்குள் மட்டுமே செல்லும். அதற்கு மேலான திட்டங்களில் எல்லை படிப்படியாக விரிகிறது: அரபு நாடுகளும் இந்தியத் துணைக்கண்டமும், பிறகு அமெரிக்கா, கனடா தவிர உலகம் முழுவதும், கடைசியில் உலகம் முழுவதும். அமெரிக்காவில் சிகிச்சைச் செலவு மிக அதிகம், அதைச் சேர்த்தால் பிரீமியம் எகிறும். அதனால்தான் அதைத் தனியே ஒதுக்குகிறார்கள். அதில் தப்பில்லை. கணக்கு எழுதியவனுக்கு அது புரிகிறது. புரியாதது இதுதான்: மேனேஜருக்கு அவர் ஒருநாளும் போகப்போகாத நாடுகளிலெல்லாம் அட்டை செல்கிறது. கொத்தனாருக்கு, நான்கு மணி நேர விமானப் பயணத்தில் இருக்கும் சொந்த ஊரில் செல்லவில்லை.

புதுக்கோட்டைப் பக்கத்துக் கொத்தனார் ஒருவருக்குப் பித்தப்பையில் கல். துபாயில் ஆபரேஷனுக்கு ஒப்புதலும் வந்துவிட்டது. அவர் என்னிடம் வந்தார். "தம்பி, அறுத்துக்கிறது இங்க அறுத்துக்கலாம். அதுக்கப்புறம் ஆறு பேர் ரூம்ல மேல்கட்டில்ல எப்படி ஏறிப் படுக்கிறது? கஞ்சி யார் வச்சுத் தருவா?" பாலிசியை வரி வரியாகப் பார்த்தேன். "அண்ணே, ஊர்ல பண்ணினா ஒரு பைசா வராது" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் போய்விட்டார். மனைவியின் நகையை அடகு வைத்துத்தான் திருச்சியில் ஆபரேஷன் நடந்தது. துபாயில் செய்திருந்தால் அதைப்போலப் பல மடங்கு செலவாகியிருக்கும், காப்பீட்டுக் கம்பெனியும் மறுபேச்சில்லாமல் கட்டியிருக்கும். குறைந்த செலவுக்கு வழியில்லை, கூடின செலவுக்கு உண்டு. ஒரு காலத்தில் ஊருக்குப் போனால்தான் வைத்தியம். இப்போது ஊருக்குப் போகாமல் இருந்தால்தான் வைத்தியம்.

ஊரையும் உள்ளடக்கிய பாலிசியிலும் கவனம் வேண்டும். சிலவற்றில் அவசரச் சிகிச்சைக்கு மட்டுமே பணம். சிலவற்றில் நாம் முதலில் கட்டிவிட்டு, பில், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் கெடுவுக்குள் அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். எந்த நாடு எந்தப் பகுதியில் அடங்கும் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

எல்லை தாண்டிச் செல்லும் காப்பீடு நடக்காத காரியம் அல்ல. குடியேற்ற அனுமதி பெற்றுப் போகும் நம் தொழிலாளிகளுக்கான பிரவாசி பாரதிய பீமா யோஜனாவைப் பாருங்கள். 2017 திருத்தத்தின்படி இரண்டாண்டுக்கு 275 ரூபாய், மூன்றாண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம். எந்த நாட்டில், எந்த முதலாளியிடம் இருந்தாலும் அது செல்லும். நோய்க்கும் அப்படி ஒன்று முழுமையாக ஏன் கூடாது?

இந்த எல்லைக்கோட்டைவிடப் பெரிய பள்ளம் விசா ரத்தாகும் நாளில் இருக்கிறது. உழைத்த வயதெல்லாம் கையில் இருந்த அட்டை, சர்க்கரையும் மூட்டுவலியும் சேர்ந்த வயதில் போய்விடும். ஊரில் புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டுவரை காத்திருக்க வைக்கலாம். நான்காக இருந்த அந்த உச்சவரம்பு 2024இல்தான் மூன்றாகக் குறைந்தது. அதனால் வளைகுடாவில் இருக்கும்போதே இந்தியாவில் ஒரு பாலிசி எடுத்து வையுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கெஞ்சுகிறேன். காத்திருக்கும் காலம் நீங்கள் அங்கே வேலை செய்யும்போதே கழிந்துவிடும்.

அக்கா மகனுக்கு ஷார்ஜாவிலிருந்து ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. சம்பளம், தங்குமிடம், இரண்டாண்டுக்கு ஒரு டிக்கெட் என்று எல்லாம் விவரமாக இருக்கிறது. மருத்துவத்துக்கு மட்டும் 'மெடிக்கல்' என்று ஒற்றைச் சொல். எந்தெந்த நாட்டில் செல்லும், இந்தியா உண்டா, ஆபரேஷனுக்கா அவசரத்துக்கு மட்டுமா என்று மெயிலில் எழுதிக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்தபிறகு கையெழுத்துப் போடட்டும்.