ஐந்து வருஷக் குத்தகை

நாகப்பட்டினத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடைப் பலகைக்குப் பச்சையா நீலமா என்று முடிவெடுக்க எனக்கு ஒரு போகம் பிடித்தது. ஜோசியரையும் கேட்டேன். பிடிக்காவிட்டால் மேலே வேறு பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம் என்று பெயிண்டர் சொன்னதை மட்டும் காதில் வாங்கவில்லை. புது ஆளைக் கல்லாவில் உட்காரவைப்பது, கடனை நிறுத்துவது என்று எல்லாவற்றுக்கும் இதே கூத்துதான்.

அப்பேர்ப்பட்டவன், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா விட்டுப்போன நஞ்சையை இறால் பண்ணைக்குக் கொடுத்தபோது டீ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டேன். “அஞ்சு வருஷந்தானே சார், அப்புறம் உங்க நெலம் உங்களுக்கு” என்றார் வந்தவர். பத்திரத்தைப் பார்த்தேன். கெடு இருந்தது. கெடு இருந்தால் திரும்பி வந்துவிடும் என்று நினைத்தேன். மண்ணைப் பரிசோதித்து உரம் போடுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன்!

மேல்மண்ணை வழித்துக் கரை கட்டினார்கள். உப்புத்தண்ணீரை மாதக்கணக்கில் தேக்கினார்கள். 1994-95இல் வெள்ளைப்புள்ளி நோய் வந்து இந்தக் கரையோரத்துக் குளங்களில் இறால் செத்து மிதந்தது. கெடுவுக்கு முன்பே பண்ணைக்காரர் கிளம்பிவிட்டார். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் கடலோர இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1996 டிசம்பரில். அதற்கு முன்பே அவரும் மனைவி கிருஷ்ணம்மாளும் இறால் பண்ணை வேண்டாம் என்று ஊர் ஊராய்ச் சொல்லிக்கொண்டு போனார்கள். வேலையற்றவர்கள் என்று கடையில் உட்கார்ந்து சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

2004 சுனாமியிலும் இந்த மாவட்டத்து வயல்களில் கடல் ஏறியது. ஆனால் அது வந்த வேகத்தில் வடிந்தது. அடுத்தடுத்த மழை உப்பைக் கழுவ, பல இடங்களில் ஓரிரு வருஷத்தில் நாற்று பச்சை பிடித்தது. நான் வாடகை வாங்கிக்கொண்டு உள்ளே விட்ட உப்பு போகவில்லை. கழுவ நல்ல தண்ணீர் வேண்டும். மேட்டூரில் திறப்பது கடைமடைக்கு வந்து சேர்வதற்குள் எங்களுக்கு மிஞ்சுவது பேப்பரில் வரும் செய்திதான். ஜிப்சம் போட்டேன், என் கடைச் சரக்கே. குழியடிச்சான் விதைத்தேன், உவர் தாங்கும் நெல் அது. வழித்தெடுத்த மேல்மண்ணுக்கு அதனிடமும் மருந்தில்லை. பக்கத்து வயல்காரரின் வரப்போரமும் உப்புப் பொரிந்துவிட்டது. அவர் இன்னமும் என் கடையில்தான் யூரியா வாங்குகிறார், விலை பேசுவதில்லை. அதுதான் சங்கடம்.

சிட்டாவில் இப்போதும் அது நஞ்சைதான். மைத்துனர் மகன் போன வாரம் வந்தான். “மாமா, வனாமி எறாலுக்கு இப்ப நல்ல ரேட்டு. மூணே வருஷம்.” பத்திரத்தை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.